குருதி கூறும் சான்று

மக்கள் யாக்கையை ஓர் அரணுக்கு ஒப்பிடுதல் பண்டுதொட்டு வரும் வழக்கு. அரணுக்கு மதிலும் அகழியும் உண்டு. யாக்கைக்குத் தோலும் சளிப்படலமும் உண்டு. அரணைக் காக்க வீரர் உளர். யாக்கையைக் காக்கக் குருதியில் வெள்ளணுக்கள் உள. புறத்தேயிருந்து வரும் நோய்க்கிருமிகளை இக்காவலர் எதிர்த்துப் பொருது அழித்தலினாலேயே நாம் நாடோறும் உயிர்வாழ்கின்றோம். ஆயின், அக்காவலரே தம் கோட்டையுள் வாழும் குடிகள்மீது படைக்கலம் எடுப்பரேல் யாதாகும்? வேலியே பயிரை மேய்ந்தாற்போன்ற அந்நிலைமையே தன்னெதிர்ப்பு நோய் எனப்படுவது. மூட்டுக்களை வீங்கச் செய்து கோணச் செய்யும் முடக்குவாதம், உடலின் பல உறுப்புக்களையும் ஒருங்கே தாக்கும் லூபஸ், சிறாரையும் பற்றும் முதல்வகை நீரிழிவு, தைராய்டுச் சுரப்பியின் அழற்சி, கோதுமையுணவால் குடல் புண்படும் சீலியாக் நோய் முதலியன இவ்வினத்தைச் சார்ந்தன.

இந்நோய்களின் கொடுமை அவை வரும் வழியிலேயே உளது. வைசூரியும் வாந்திபேதியும் பறையறைந்து வரும் பகைவரை ஒத்தன; இவையோ இருளில் அடிவைத்து வருவன. லூபஸ் நோயாளர் பத்தின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் பெண்டிர். அவருட் பலர் இளம்பருவத்தினர். முதலிற் காரணம் விளங்காச் சோர்வு. சில திங்கள் கழித்து மூட்டுவலி. பின்னர்ச் சிறு காய்ச்சல். வெயிலிற் சென்றுவந்தால் கன்னத்திற் செந்தடிப்பு. இவை தனித்தனியே தோன்றி மறைதலின், நோயாளி மருத்துவர் பலரிடம் சென்றும் உண்மை துலங்காமல் ஆண்டுகள் கழிதலும் உண்டு. “வேலைக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கின்றாள்” என வீட்டார் பழித்தலும் உண்டு. அதற்குள் நோய் சிறுநீரகத்தைத் தீண்டிவிடின் மீட்டல் அரிது. இத்தகையாளுக்கு உற்ற துணையாவது அவள் குருதியிலேயே மறைந்துகிடக்கும் ஒரு சான்று. அச்சான்று யாது, அதனை அறியுமாறு எங்ஙனம், அஃது எத்துணை நம்பத்தக்கது என்னும் மூன்றனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

குருதியை ஒரு குழாயில் உறையவிட்டால், கட்டியினின்று பிரிந்து மஞ்சள் நிறமாய்த் தெளிந்து நிற்கும் நீரைச் சீரம் என்பர். 1890-ம் ஆண்டிற் பெர்லின் நகரத்தில் எமில் பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும், இரணஜன்னியின் நஞ்சை எதிர்க்கும் வன்மை பெற்ற விலங்கின் சீரத்தைப் பிறிதொரு விலங்கினுட் செலுத்த, அவ்விலங்கும் அந்நஞ்சினின்று தப்புதலைக் கண்டனர். சீரத்தில் மறைந்திருந்து அவ்வேலையைச் செய்யும் பொருளே எதிர்ப்பொருள். அதனை ஆன்டிபாடி என வழங்குவர். அஃது ஒருவகைப் புரதம். கவைக்கோல் போன்ற வடிவினது. அக்கவையின் இரு நுனிகளும், ஒரு பூட்டிற்கே ஏற்ற திறவுகோல்போல, ஒரு குறித்த பொருளையே பற்றும் இயல்பின. ஒரு கிருமியைப் பற்றுவது மற்றொன்றைப் பற்றாது. பற்றப்பட்ட பொருள் ‘இது பகை’ என முத்திரையிடப்பட்டதாகின்றது. பின்னர் வெள்ளணுக்கள் அதனை விழுங்கி ஒழிக்கின்றன.

எண்ணிறந்த வகைப் பொருள்களைப் பற்றவல்ல எதிர்ப்பொருள்களை உடம்பு ஆக்குமாயின், தன் உறுப்பையே பற்றுவன சிலவும் அவற்றுள் உண்டாதல் இயல்பன்றோ? உண்மையே. அத்தகையவற்றை ஆக்கும் அணுக்கள் பெரும்பாலும் தோன்றும்பொழுதே களையப்படுகின்றன. அன்றேல் அடக்கி வைக்கப்படுகின்றன. இக்களையெடுப்பில் தப்பிய அணுக்கள் ஆக்கும் எதிர்ப்பொருளையே தன்னெதிர்ப்பொருள் என்கின்றோம். அதுவே நாம் மேலே குறித்த சான்று.

இவ்வுண்மை அறிஞரால் எளிதில் ஒப்பப்பட்டதன்று. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் என்பார், உடம்பு தன்னையே தாக்குதலை இயற்கை வெறுக்கும் என்னும் கருத்தை வெளியிட்டார். அவர் பெருமை காரணமாக அக்கருத்து நெடுங்காலம் நிலைபெற்றது. எனினும் 1904-ம் ஆண்டிலேயே வியன்னா நகரில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர் அதற்கு மாறான ஒரு நோயைக் காட்டினர். குளிர் பட்டவுடன் சிறுநீர் செந்நிறமாய் இறங்கும் நோய் அது. நோயாளியின் சீரத்திலுள்ள ஒரு பொருள் குளிரில் அவருடைய செங்குருதி அணுக்களையே பற்றிக்கொண்டு, மீண்டும் வெப்பமுற்றபோது அவற்றைச் சிதைத்தலை அவர்கள் குழாயிலேயே நிகழ்த்திக் காட்டினர். ஆயினும் அறிஞருலகு முற்றும் தெளிய அரை நூற்றாண்டு சென்றது. 1956-ம் ஆண்டில் இலண்டனில் ராய்ட், டோனியக் முதலியோர் ஹஷிமோட்டோ நோய் எனப்படும் தைராய்டு அழற்சியுற்றாரின் சீரத்தில், தைராய்டுப் புரதத்தையே பற்றும் எதிர்ப்பொருளைக் கண்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் பபலோ நகரில் ரோஸ், விட்டெப்ஸ்கி என்போர் முயல்களுக்கு முயலின் தைராய்டுச் சாற்றையே செலுத்தி, அச்சுரப்பியில் அழற்சி தோன்றச் செய்தனர். அதன்பின் ஐயத்திற்கு இடமின்றாயிற்று.

இனி, கண்ணுக்குப் புலனாகாத இப்பொருளைக் காணுமாறு எங்ஙனம்? 1948-ம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்க்ரேவ்ஸ் முதலியோர், லூபஸ் நோயாளரின் எலும்பு மச்சையில் ஒரு புதுமையைக் கண்டனர். ஒரு வெள்ளணு மற்றோர் உயிரணுவின் உட்கருவை முழுதும் விழுங்கி வீங்கி நின்றது. அவ்வுட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் குருதியில் உளது என்பது பின்னர் வெளியாயிற்று. இக்காலத்தில் அதனை அறியும் முறை அழகியது. ஆய்வுச்சாலையில் வளர்த்த மனித உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டிற் பதித்து, அவற்றின்மேல் நோயாளியின் சீரத்தை இடுவர். உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் இருப்பின் அஃது ஆங்கு ஒட்டிக்கொள்ளும். எஞ்சியதைக் கழுவியபின், ஒளிரும் சாயம் சேர்க்கப்பட்ட மற்றொரு பொருளை இடுவர். இது மனித எதிர்ப்பொருளையே தேடிப் பற்றுவது. பின்னர் நுண்பெருக்கியில் நோக்கின், கரிய வானில் விண்மீன்கள்போல உட்கருக்கள் பசுமையாய் ஒளிரும். அவ்வொளி முழுதும் பரந்துளதா, புள்ளிபுள்ளியாய் உளதா என்பதனாலும் எதிர்ப்பொருளின் வகை ஒருவாறு ஊகிக்கப்படும்.

அதன் மிகுதியை அளத்தற்கும் வழி உண்டு. சீரத்தை இருமடங்கு, நான்மடங்கு, எண்மடங்கு என நீர்க்கச் செய்துகொண்டே சென்று, எந்நிலை வரையில் ஒளி தோன்றுகின்றது என நோக்குவர். 1:80 என்னும் குறிப்பு, ஒரு பங்கு சீரத்தை 80 பங்காக நீர்க்கச் செய்தும் ஒளி தோன்றிற்று எனப் பொருள்படும். 1:640 என்பது அதனினும் மிகுதியைக் காட்டும். இதுவன்றி, தூய்மை செய்த ஒரு பொருளைச் சிறு குழிகளிற் பூசி, அதனைப் பற்றும் எதிர்ப்பொருளை நொதியால் உண்டாகும் நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறையும் பரவலாய்க் கையாளப்படுகின்றது.

சான்றுகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. உட்கரு எதிர்ப்பொருள் என்னும் பொதுச்சான்று லூபஸ் நோயாளர் ஏறக்குறைய எல்லாரிடத்தும் காணப்படும். ஆதலின் அஃது இல்லையாயின் லூபஸ் இல்லை எனப் பெரும்பாலும் துணியலாம். 2019-ம் ஆண்டில் ஐரோப்பிய அமெரிக்க மருத்துவ சங்கங்கள் வகுத்த இலக்கணமும், 1:80 அளவிலேனும் அதனை உடையாரையே மேற்கொண்டு ஆராய்க என விதித்தது. ஆனால், உடையார் எல்லாரும் லூபஸ் நோயாளர் அல்லர். இரட்டைப்புரி டி.என்.ஏ.-வைப் பற்றும் எதிர்ப்பொருளும், எஸ்.எம். என்னும் பொருளைப் பற்றும் எதிர்ப்பொருளும் சிறப்புச்சான்றுகள். இவற்றுள் பின்னது நோயாளருட் சிறுபான்மையோரிடமே காணப்படினும், பிறரிடம் காண்டல் மிக அரிது. ஈண்டு ஒரு செய்தி குறிக்கத்தக்கது. எஸ்.எம்., ரோ, லா என இவ்வெதிர்ப்பொருள்களுக்கு வழங்கும் பெயர்கள், அவை முதன்முதற் காணப்பட்ட நோயாளரின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துக்களே. மருத்துவ நூலின் வறண்ட சுருக்கெழுத்துக்குப் பின்னே துன்புற்ற மக்கள் நிற்கின்றனர் என்பதை இது நினைப்பூட்டுகின்றது.

முடக்குவாதத்திலும் இவ்வாறே இருவகைச் சான்று உண்டு. நார்வே நாட்டு வாலர் என்பார் 1940-ம் ஆண்டில் வெளியிட்ட முடக்குவாதக் காரணி என்பது, எதிர்ப்பொருளையே பற்றும் எதிர்ப்பொருளாம். அது முதியோரிடத்தும், சயரோகம், கல்லீரற் கிருமிநோய் முதலியன உடையாரிடத்தும் காணப்படுதலின் முற்றும் நம்பத்தக்கதன்று. சி.சி.பி. எதிர்ப்பொருள் எனப் பிற்காலத்தில் அறியப்பட்டதோ அதனினும் குறிதப்பாதது. சீலியாக் நோய்க்குக் குடலிலுள்ள ஒரு நொதியைப் பற்றும் எதிர்ப்பொருள் சான்றாகும். இஃது 1997-ம் ஆண்டில் ஜெர்மனியில் தெளியப்பட்டது.

இதுகாறும் கூறியது வந்த நோயை அறியும் முறை. இனி வருநோயை முன்னறியும் முறையைக் காண்போம். அமெரிக்கப் படைத்துறையினர் தம் வீரரிடமிருந்து அவ்வப்போது எடுத்த சீரத்தைக் குளிர்நிலையிற் சேமித்து வைக்கின்றனர். அக்களஞ்சியத்தில் இருந்த மாதிரிகள் ஏறத்தாழ 3 கோடி. அவ்வீரருட் பின்னாளில் லூபஸ் உற்ற 130 பேரின் பழைய சீரத்தை எடுத்து ஆராய்ந்து, 2003-ம் ஆண்டில் ஆர்பக்கிள் முதலியோர் தம் முடிபை வெளியிட்டனர். அவருள் 115 பேரிடம், அஃதாவது 100-க்கு 88 பேரிடம், நோய் அறியப்படுமுன்னரே தன்னெதிர்ப்பொருள் ஒன்றேனும் இருந்தது. சிலரிடம் அது 9 ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே தோன்றியிருந்தது. அன்றியும், அவை ஓர் ஒழுங்காகவே வந்தன. உட்கரு எதிர்ப்பொருள், ரோ முதலிய பொதுச்சான்றுகள் முதலில் தோன்றின, டி.என்.ஏ. எதிர்ப்பொருள் அவற்றின் பின்னர்த் தோன்றிற்று, எஸ்.எம். எதிர்ப்பொருள் நோய் வெளிப்படச் சராசரி ஓராண்டிற்குச் சற்று முன்னரே தோன்றிற்று. அவ்வீரர் நலமுடன் அணிவகுத்து நடந்த நாட்களிலேயே அவர்தம் குருதி பின் நிகழ்வதை எழுதி வைத்திருந்தது எனலாம். ஹாலந்து நாட்டில் குருதிக்கொடை செய்தோரிடம் நிகழ்த்திய ஆராய்ச்சியும், பின்னர் முடக்குவாதமுற்றாரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண்டுகள் பல முன்னரே அந்நோயின் எதிர்ப்பொருள்கள் இருந்தமையை 2004-ல் வெளிப்படுத்திற்று.

முன்னறிவு மிகத் தெளிவாய் அமைந்தது முதல்வகை நீரிழிவிலேயே. இன்சுலினைச் சுரக்கும் கணையத் தீவுகளை உடம்பே அழித்தலால் வருவது அந்நோய். இன்சுலின் உள்ளிட்ட பொருள்கள் நான்கனைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் அதற்குச் சான்று. அந்நோய்க்கு ஏதுவான மரபுடைய குழந்தைகள் 13,377 பேரைப் பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் பிறப்பு முதல் தொடர்ந்து நோக்கி, 2013-ம் ஆண்டில் முடிபு வெளியிட்டனர். எதிர்ப்பொருள் இரண்டும் அதற்கு மேலும் தோன்றிய குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 70 பேர் பத்தாண்டினுள் நீரிழிவுற்றனர். ஒன்றே தோன்றியவருள் 100-க்கு ஏறத்தாழ 15 பேரே அந்நிலையடைந்தனர். ஒன்றும் தோன்றாதவருள் 15 வயதிற்குள் நோயுற்றவர் 1000-க்கு நால்வரே. ஒரு சாட்சி கூறுவதை ஐயுறலாம். இரு சாட்சிகள் ஒத்துக் கூறின் வழக்கு வலியுறுகின்றதன்றோ?

சாட்சி எனக் கூறியது வெறும் உவமையன்று. முதல்வகை நீரிழிவிற் கணையத்தை அழிப்பவை பெரும்பாலும் வெள்ளணுக்களே. எதிர்ப்பொருள் அக்கேட்டைக் கண்டு கூறுவதே. வேறு சில நோய்களிலோ அதுவே குற்றவாளியுமாகும். சான்றாக, ரோ எதிர்ப்பொருள் உடைய தாயின் குருதியிலிருந்து அது கருவிற் சென்று, 100 கருவில் ஒன்றிரண்டில் இதயத் துடிப்பின் வழியை அடைத்துவிடுகின்றது. தாய் நோயின்றி இருப்பினும் இவ்விடர் நேரலாம்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். இத்துணைச் சிறந்த சான்றாயின், எல்லார் குருதியையும் ஒருங்கே சோதித்துவிடலாகாதோ எனின், ஆகாது. என்னை? 1997-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், நோயற்றார் பலருடைய சீரத்தைச் சோதித்தபோது, 1:80 அளவில் 100-க்கு 13 பேரிடம் உட்கரு எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஒரூரில் 1000 பேர் உளர் எனவும், அவருள் லூபஸ் உடையாள் ஒருத்தியே எனவும் வைத்துக்கொள்வோம். எல்லாரையும் சோதித்தால் அவ்வொருத்தியோடு நோயற்றார் 130 பேரும் ‘உண்டு’ என்னும் முடிவைப் பெறுவர். 131 பேருள் உண்மை நோயாளி ஒருவரே! சோதனை பொய்க்கவில்லை, எதிர்ப்பொருள் உண்மையிலேயே அவரிடம் உளது. அதற்கு நாம் கொண்ட பொருளே பிழைத்தது. முதுமையாலும், கிருமிநோயாலும், சயரோகத்திற்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் முதலிய சில மருந்துகளாலும்கூட அது தோன்றுதல் உண்டு. ஆனால், அதே சோதனையை மூட்டுவீக்கமும் கன்னத்தடிப்பும் சிறுநீரிற் புரதமும் உடைய ஒருத்தியிடம் செய்யின், அதே விடை முற்றும் வேறு பொருள் தருகின்றது. ஆகவே, சோதனைத் தாளை நோக்குமுன் நோயாளியை நோக்கவேண்டும்.

இதனை அறியாமையால் விளையும் தீங்கு இருதிறத்தது. ஒருபுறம், துன்புறும் பெண்ணை ஆராயாது ‘ஒன்றுமில்லை’ எனத் திருப்பியனுப்புதல். மறுபுறம், நலமுடைய பெண்ணின் தாளில் ஒரு சொற்கண்டு அவளை நோயாளி எனப் பெயரிட்டு, அவள் கல்விக்கும் மணத்திற்கும் தடைசெய்தல். முன்னது உடலைக் கெடுக்கும். பின்னது வாழ்வைக் கெடுக்கும். சான்றைக் கேளாமற் றீர்ப்பளித்தலும், ஒரே சான்றைக் கேட்டுத் தீர்ப்பளித்தலும் ஒப்ப அநீதியே.

அங்ஙனமாயின் முன்னறிவினாற் பயன் யாது? தடுக்கலாகாத நோயை முன்னரே அறிந்து வருந்துவதினும் அறியாதிருத்தலே நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா தள்ளத்தக்கதன்று. அதற்கு விடை நோய்தோறும் வேறுபடும். ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 2015 முதல் 2019 வரை 90,632 குழந்தைகளைச் சோதித்து, நீரிழிவின் முன்னிலையில் இருந்த 280 பேரைக் கண்டறிந்தனர். அவர்தம் பெற்றோர்க்கு நோயின் குறிகள் கற்பிக்கப்பட்டன. அவருட் பின்னர் நீரிழிவு வெளிப்பட்ட 62 பேரில், குருதி அமிலமாகி உயிருக்கு இடர் விளைக்கும் நிலையில் வந்தவர் இருவரே. முன்னறிவு இல்லாத இடங்களில் அத்தொகை பன்மடங்கு மிகுதியாம். மேலும், டெப்லிசுமாப் என்னும் மருந்தை 14 நாட்கள் செலுத்தின், நோய் வெளிப்படுதல் ஏறத்தாழ ஈராண்டு தள்ளிப்போதலை 2019-ம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று. 2022-ம் ஆண்டில் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. சிறு குழந்தைக்கு ஊசியின்றிக் கழியும் ஈராண்டு சிறிதோ? இத்தாலி நாடு 2023-ம் ஆண்டில், சிறார்க்கு இந்நீரிழிவுக்கும் சீலியாக் நோய்க்கும் உரிய சோதனை நடத்தச் சட்டமே இயற்றிற்று. முடக்குவாதத்திலும் அபட்டசெப்ட் என்னும் மருந்து, கொடுக்கும் காலத்து நோயைத் தடுத்து நிறுத்துதலை 2024-ம் ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டின. நிறுத்தியபின் அப்பயன் குறைந்தது. ரோ எதிர்ப்பொருளை முன்னறிந்த தாயின் கருவையோ, மருத்துவர் நான்காம் திங்கள் முதலே உற்றுநோக்கிக் காக்கின்றனர். ஆதலின், அறிந்தபின் செய்யத்தக்கது ஒன்று உளதாயின் அறிதல் நன்று. இல்லையாயின், குறிகள் தோன்றுங்கால் விழிப்புடன் இருத்தலே போதியது. எல்லாரையும் வலைவீசித் தேடுதல் வேண்டா.

பவுலடிகள் திருச்சபையை உறுப்புக்கள் பல கொண்ட ஓர் உடம்பாக உவமித்தார். ஓர் உறுப்பின் துன்பம் எல்லா உறுப்பிற்கும் துன்பமாம் என்பது அவர் கருத்து. அவ்வுடம்பினுள்ளேயே பிளவு நேருங்கால் அதனைக் குருதி மெல்லிய குரலிற் கூறுகின்றது. அக்குரலைச் செவிமடுத்தற்குரிய கருவிகளைப் பல நாட்டு அறிஞர் நூறாண்டு உழைத்துத் தேடித் தந்துள்ளனர். ஆனால், சாட்சி கூறுவது குருதி, தீர்ப்பளிக்கவேண்டுவது மனிதர். நம் இல்லத்திலோ விடுதியிலோ காரணமறியாச் சோர்வால் வாடும் ஒருவரைக் காணின், அவர் சொல்லைப் பொய்யென எள்ளாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. ‘உண்டு’ என்னும் ஒரு சொல்லைத் தாளிற் கண்டு கலங்குவாரைக் காணின், அஃது ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பன்று எனத் தேற்றுவோமாக.